நாட்டுப்படகு நாளில் பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடத்தைத் திறக்கலாமா கூடாதா என்று பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார்கள் என்ற செய்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் மீனுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமான விளமீன், பாத்திரம் துலக்குகிற நிஜமான சோப்பு. செதிலுக்குள் நுரை போய்விட்டது. எத்தனை அலசினாலும் வெளியே வரமாட்டேன் என்றது. என் மனைவி கையில் போனோடு அடுப்படி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“முடிஞ்சதும் பவுடரும் பூசி விடுங்க. பொண்ணு பாக்க வாராக,” என்றாள்.

“வித்தவன் கையில என்ன இருந்துச்சோ, யாரு கண்டா?”

“கொதிக்கிற கொழம்புலதான போடப்போறோம்? அதுல எந்தக் கிருமி உசுரோட இருக்கும்? ஒங்க பயம் ஒண்ணுதான் மெதக்கும்.”

அதற்குப் பிறகுதான் போனை நீட்டினாள். பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை குரல் பதிவு அனுப்பியிருந்தார். மேல் வகுப்புகளுக்கு நேரில் பாடம் நடத்துவது பற்றிப் பேச, பெற்றோர் எல்லோரும் பள்ளி மைதானத்துக்கு வரவேண்டுமாம்.

“கூடலாமான்னு கேக்குறதுக்கே ஒரு கூட்டமா?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக என் மனைவி என் ஜோக்குகளுக்குச் சிரிப்பதை நிறுத்திவைத்திருந்தாள். அதற்கும் ஊரடங்கு என்று நான் சொல்லிவந்தேன். அதற்கும் சிரிக்கவில்லை.

என்னைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கடற்கரை ஓரமாக இருக்கிற எங்கள் ஊரில் எனக்கு ரெண்டு உத்தியோகம். ஒன்று ஐஸ் கம்பெனியில் மேற்பார்வை. கடலுக்குப் போகிற படகுகளுக்கு ஐஸ் ஏற்றி அனுப்புகிற வேலை. இன்னொன்று நாலு பேர் கூடின இடத்தில் அவர்களைச் சிரிக்க வைப்பது. முதலாவதற்குத்தான் சம்பளம். கல்யாண வீடென்றாலும் சுன்னத்து வீடென்றாலும் மைக்கை என் கையில் கொடுத்துவிடுவார்கள். பெருந்தொற்று வந்து கூட்டமே கூடக்கூடாது என்று ஆனபோது, ரெண்டாவது உத்தியோகம் போய்விட்டது. மிச்சமிருந்த வாய் முழுக்க வீட்டுக்குள்ளேயே ஓடியது. அதைக் கேட்க வேண்டிய தலையெழுத்து என் மனைவிக்கும் மகளுக்கும்.

என் பயத்தின் அளவு தெரியவேண்டுமென்றால் ஒன்று சொன்னால் போதும். ரெண்டாவது அலையின்போது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற, விரலில் மாட்டுகிற அந்தச் சின்னக் கருவியை வாங்கி வந்திருந்தேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வீட்டில் எல்லோர் விரலையும் அது கவ்வும். ஒருநாள் ஐஸ் பார்களைக் கொக்கி போட்டு இழுத்து லாரியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவன், கையைக் கழுவினதும் முதல் வேலையாக அதை மாட்டினேன். எண்பத்து நாலு காட்டியது. மறுபடி மாட்டினேன். எண்பத்து ஒன்று.

நான் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். மனைவியைக் கூப்பிட்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் ஓதுகிற யாசீனை ஓதச் சொன்னேன். மூச்சு வாங்குவதாக எனக்கே நன்றாகத் தெரிந்தது; மூச்சை வாங்கிக்கொண்டுதான் பேசினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த என் மகள் கையைப் பிடித்தாள். பிடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

“என்ன அத்தா, கை செத்த மீன் கணக்கா இருக்கு?”

“ஆரம்பிச்சிருச்சும்மா,” என்றேன் நான்.

அவள் என் உள்ளங்கையைத் தன் ரெண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள். ஐந்து விரலையும் தனித்தனியாக உருவிவிட்டாள். பிறகு கருவியை மாட்டினாள். தொண்ணூற்றெட்டு.

“ஐஸுக்குள்ள கைய விட்டுட்டு வந்து மாட்டுனா அது என்னத்தக் காட்டும்?” என்று எழுந்து போய்விட்டாள்.

ஊருக்கே ஐஸ் கொடுக்கிறவன், குளிர்ந்த விரலை வைத்துக்கொண்டு மவுத்தாகப் பார்த்த கதை மறுநாள் கம்பெனி முழுக்கப் பரவியது. பரப்பினவன் நான்தான். அப்படித்தான் எனக்கு வழக்கம். அவமானம் என்று வந்தால் முதல் டிக்கெட்டை நானே வாங்கிவிடுவேன்.

ஆனால் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. என் மனைவியின் மூத்த அண்ணன், என்னைவிட நாலு வயது பெரியவர், ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரத்துக்குள் போய்விட்டார். உடலை, எங்கள் பேச்சில் மையத்தை, வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நேராகப் பள்ளிவாசல் மையவாடிக்கு வண்டியில் வந்தது. உடம்பு முழுக்க உறை போட்ட நாலு பேர் இறக்கினார்கள். நாங்கள் தள்ளித் தள்ளி நின்று தொழுதுவிட்டுத் திரும்பினோம். சோறு இல்லை, கூட்டம் இல்லை, பேச்சு இல்லை. அவர் இருக்கிறபோது என்னைவிட நன்றாக ஜோக் அடிப்பார். அன்றிலிருந்து பயம் கூடக் கூட என் வாய் கூடியதே ஒழிய, பேசியதில் ஒன்றிலும் உப்பு இல்லை.

பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் அப்போது பிளஸ் டூ. பத்தாம் வகுப்பில் பரீட்சை நடக்காமலே எல்லோரையும் பாஸ் போட்டார்கள். பிளஸ் ஒன் முழுக்கப் போனில் போனது. எங்கள் தெருவில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஐஸ் கம்பெனி மொட்டைமாடியில் நிற்காமல் கிடைக்கும். தினமும் என்னோடு கிளம்பி வந்து, தண்ணீர்த் தொட்டி நிழலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து பாடம் கேட்பாள். கீழே ஐஸ் உடைக்கிற கிரஷர் ஓடும். வேதியியல் டீச்சர் முக்கியமான ஒன்றைச் சொல்ல வாயெடுக்கிற நேரம் பார்த்துத்தான் அது ஓடும். ஒருநாள் டீச்சர், “என்னம்மா அது சத்தம்? உங்க வீட்ல கட்டடத்த இடிக்கிறாங்களா?” என்று கேட்க, போனுக்குள் இருந்த வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது. அன்றைக்கு அவள் தன் பக்கத்துச் சத்தத்தை அணைத்தவள்தான். பிறகு திறக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் பாடம் ஓடிக்கொண்டிருக்கும், அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் மாடிக்கு வருவதையும் நிறுத்தினாள். ரெண்டு வீடு தள்ளி இருக்கிற அவள் தோழி நண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்கு அனுப்புகிற நண்டை அவித்து, ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிற இடம். காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நின்று ரெண்டு தடவை ஹாரன் அடிக்கும். சும்மாதானே இருக்கிறோம், நாமும் போவோம் என்று இவளும் ஏறிவிட்டாள்.

நான் தடுத்திருப்பேன் என்றுதான் நினைப்பீர்கள். நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து சம்மதம் சொன்னேன். காரணம், அந்தக் கம்பெனி வாசலில் காலை மருந்துத் தண்ணீரில் முக்கச் சொன்னார்கள். நெற்றியில் சூடு பார்த்தார்கள். உள்ளே எல்லோருக்கும் தலையில் தொப்பி, வாயில் துணி, இடுப்பில் பிளாஸ்டிக் ஏப்ரன். எவர்சில்வர் மேசையில் முகம் பார்க்கலாம். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. இந்தக் கடற்கரையில் கிருமி நுழைய முடியாத இடம் இது ஒன்றுதான் என்று வீட்டில் வந்து பிரசங்கம் செய்தேன். அந்தச் சுத்தமெல்லாம் வெளிநாட்டில் நண்டு தின்கிறவர்களுக்காக; உள்ளே தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருக்கிற பெண்களுக்காக இல்லை என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

அவளுக்கு வேலை சீக்கிரம் படிந்துவிட்டது. நண்டின் காலுக்குள் இருக்கிற சதையை உடையாமல் முழுசாக உருவுகிறாள் என்று மேற்பார்வை பார்க்கிற அம்மா பாராட்டி, வருடம் முழுக்க வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

“இந்த வருசமும் பாஸ் போட்டுருவாக அத்தா. பள்ளிக்கூடம் தொறந்து என்ன ஆகப்போகுது?” என்றாள் ஒருநாள்.

அவள் சொன்ன விதம் என் மனைவியைத்தான் குத்தியது. இவள் வீட்டில் முதல் ஆளாகக் காலேஜுக்குப் போவாள் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தவள் அவள். அன்று சாயங்காலம் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லாக் கேட்டுக்கங்க. இன்னும் ரெண்டு மாசம் இப்புடியே போனா, பள்ளிக்கூடமே வண்டி வச்சு வந்து கூப்பிட்டாலும் அவ போகமாட்டா. மீட்டிங்ல தொறக்கணும்னு சொல்லுங்க.”

“ஒங்க அண்ணன நெனச்சுப் பாத்தியா?”

“எங்க அண்ணன நான் நெனைக்காத நாளு இருக்கா? அவுக பள்ளிக்கூடம் போயா செத்தாக?” என்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கூட்டத்துக்கு நான் ரெண்டு முகக்கவசம், அதன் மேல் ஒரு கண்ணாடித் தடுப்பு, பையில் கை கழுவுகிற மருந்து என்று பூரண அலங்காரத்தில் போனேன். மைதானத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். என் மனைவி பெண்கள் வரிசைக்குப் போய்விட்டாள்; நான் மட்டும் கொடிக்கம்பத்தடியில் தனியாக உட்கார்ந்தேன்.

“என்ன பாய், கொடி ஏத்தப் போறீகளா?” என்று குரல் வந்தது. விசைப்படகுச் சங்கத்தில் முக்கியமான ஆள் அவர். எங்களிடம் ஐஸ் எடுப்பவர்களில் பெரிய கை. என்னை மாமன், மச்சான் என்று கூப்பிடுகிற பழக்கம். ஏதாவது குத்திப் பேசும்போது மட்டும் பாய்.

“இல்ல மச்சான். நீங்க எறக்கிராம இருக்கணும்னு காவல் இருக்கேன்.”

தலைமையாசிரியை எழுந்தார். ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். முகத்தில் தூக்கம் இல்லாதது முகக்கவசத்துக்கு மேலே தெரிந்தது.

“திறக்கச் சொல்லி உத்தரவு வந்திருச்சு. வர்ற பிள்ளைகளுக்கு நேர்ல வகுப்பு நடத்தியே ஆகணும். ஆனா வரச்சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, பெத்தவங்க சம்மதம் வேணும். நாங்க நடத்தியே ஆகணும், நீங்க அனுப்பணும்னு இல்ல. இதுதான் நிலைமை. ஒரு பெஞ்சுக்கு ரெண்டு பேர்தான். அப்படிப் பார்த்தா வகுப்புல பாதிப் பேருக்குத்தான் இடம். மீதிப் பேரை என்ன செய்யறது? நீங்க சொல்லுங்க.”

எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். பக்கத்தில் இருந்தவர், வீட்டில் வைத்திருந்து மட்டும் என்ன ஆனது, பையன் போனில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே இருக்கிறான் என்றார். கழிப்பறையில் தண்ணீர் வருமா என்று ஒருத்தர் கேட்டார். தலைமையாசிரியை வரும் என்றார். எப்போதும் வருமா என்று இன்னொருத்தர் கேட்டார். அவர் அடுத்த ஆளைப் பேசச் சொன்னார்.

“நாங்க போட்டுல ஏழெட்டுப் பேரு ஒரே சட்டிச் சோத்தத் தின்னுக்கிட்டுத்தான இருக்கோம்? என்னத்தக் கொள்ளையில வந்துச்சு? தொறங்க டீச்சர்,” என்றார் விசைப்படகுக்காரர்.

மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து நாட்டுப்படகுக்காரர்களின் தலைவர் எழுந்தார். மெலிந்த மனிதர், பேச்சு மட்டும் கனம். “எம் மக போனப் பாத்துக்கிட்டே சமைக்குது. கொழம்புல உப்பு ரெண்டுதரம் விழுகுது. படிப்பும் வரல, கொழம்பும் வெளங்கல. தொறந்துருங்க.”

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படியாவது இந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட வேண்டும். முடிவு எடுக்காமல் கலைந்தால் இன்னும் ஒரு மாதம் தள்ளும், அதற்குள் என்னவாவது நடக்கும் என்று கணக்குப் போட்டேன்.

கலைக்க வழியும் கண்ணெதிரே இருந்தது. அந்த ரெண்டு தலைவர்களும் மைதானத்தின் ரெண்டு கோடியில் உட்கார்ந்திருந்ததற்குத் தொற்று காரணமில்லை. எங்கள் கடலில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் போனால், பெரிய படகு இழுத்துப் போகிற மடிவலை சின்னப் படகுக்காரன் விரித்துவைத்த வலையை அறுத்துக்கொண்டு போய்விடும். அடிதடி ஆகும். அதனால்தான் வாரத்தைப் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். திங்கள், புதன், சனி விசைப்படகு நாள். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. யாராவது அடுத்தவர் நாளில் இறங்கிவிட்டால் ஊர் ரெண்டுபடும். அந்த மாதமும் அப்படி ஒரு வலை அறுந்து, ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அந்த இடத்தில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டால் போதும், பள்ளிக்கூடப் பேச்சு சாம்பலாகிவிடும்.

எழுந்தேன். கண்ணாடித் தடுப்பைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். கல்யாண வீட்டு மைக் குரல் தானாக வந்தது.

“டீச்சர், பாதிப் பேருக்குத்தான் எடமுன்னா இதுல யோசிக்க என்ன இருக்கு? கடலப் பிரிச்ச மாதிரி பள்ளிக்கூடத்தையும் பிரிச்சுருங்க. திங்க, புதன், சனி விசைப்படகு வீட்டுப் பிள்ளைக. செவ்வா, வியாழன், வெள்ளி நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைக. யாராச்சும் அடுத்தவுக நாளுல வந்து பெஞ்சுல உக்காந்தா, வழக்கம்போல அறுத்துவிட்டுட்டுப் போயிரலாம்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யார் முதலில் நாற்காலியைத் தூக்குவார்கள் என்று பார்த்தேன்.

யாரும் தூக்கவில்லை. விசைப்படகுக்காரர் விரல் மடக்கி ஏதோ எண்ணினார்.

“மூணும் மூணும் ஆறு. சரியாத்தான வருது?” என்றார்.

“சரியா வராது,” என்றார் நாட்டுப்படகுத் தலைவர்.

எனக்கு உயிர் வந்தது. ஆரம்பித்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“மாத்திப் போடணும்,” என்றார் அவர். “அப்பன் கடலுக்குப் போற நாளுல ஆத்தா கரைக்கு வந்துருவா. சின்னதுகளப் பாக்க வீட்டுல பெரிய புள்ள இருக்கணும். அப்பன் வீட்டுல இருக்குற நாளுலதான் அது பள்ளிக்கூடம் வரமுடியும். அதனால எங்க நாளுல ஒங்க புள்ளைக வரட்டும், ஒங்க நாளுல எங்க புள்ளைக.”

“அட ஆமா,” என்றார் விசைப்படகுக்காரர். அந்த மாதத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். பெண்கள் பக்கத்திலிருந்து, “இது நல்லாருக்கு, நல்லாருக்கு” என்று சத்தம் வந்தது. எல்லோருக்கும் கிழமை மனப்பாடம். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தலைமையாசிரியை வேகமாகக் குறித்துக்கொண்டிருந்தார். கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி நான் கொடிக்கம்பத்தடியில் முழித்துக்கொண்டிருந்தேன்.

“எந்தப் படகும் இல்லாத வீட்டுப் பிள்ளைங்க?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

“இந்தா ஐஸ் பாய் இருக்காருல்ல, அவரு ரெண்டு பக்கமும் யாவாரம் பாக்குறவரு. தோதுப்பட்ட நாள எடுத்துக்கிறட்டும்,” என்றார் விசைப்படகுக்காரர். சிரிப்பு எழுந்தது.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். “ரொம்ப நல்ல யோசனை சார். உங்க பொண்ணு எந்த நாள் வர்றா?”

மைதானம் முழுக்க என்னைப் பார்த்தது. வேண்டாம், அனுப்பமாட்டேன் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். யோசனையைப் பெற்றவனே பிள்ளையை அனுப்பமாட்டேன் என்றால் எப்படி? பின்னால், பெண்கள் வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

“நாட்டுப்படகு நாளு டீச்சர். செவ்வா, வியாழன், வெள்ளி. எழுதிக்கங்க.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். தோளைப் பார்த்தேன்; குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கலைக்கத்தான எந்திரிச்சீக? ஒங்க மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். இப்புடிக் கட்டி முடிச்சுட்டு வந்துட்டீகளே!”

இரண்டு வருடம் கழித்து அவளை நான் சிரிக்க வைத்திருந்தேன். சந்தோஷப்படத் தெம்பில்லை.

வீட்டில் மகள் நண்டு வாசம் போக எலுமிச்சம்பழத்தைக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மனைவி விஷயத்தைச் சொன்னாள். போகமாட்டேன் என்று குதிப்பாள் என எதிர்பார்த்தோம்.

“என்னையக் கேட்டாகளா?” என்றாள் மகள்.

“பெத்தவுகளத்தான் கூப்பிட்டாக,” என்றேன்.

“அதத்தான் கேக்குறேன். படிக்கப்போறது நானு. என்னையத் தவிர ஊரையே கேட்டுருக்காக.” எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். “பள்ளிக்கூடத்துக்குப் போனா ஒனக்கு வந்துரும், ஒங்கிட்டருந்து எனக்கு வந்துரும்னு அழுதீக. நண்டு கம்பெனிக்குப் போனா வராதுன்னீக. இப்ப எது மாறுச்சு?”

எதுவும் மாறவில்லை. கடைசியில் அவளே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாள். செவ்வாய், வியாழன், வெள்ளி பள்ளிக்கூடம். மற்ற நாட்களில் நண்டு. என் மனைவி பாதியாவது கிடைத்ததே என்று வாயை மூடிக்கொண்டாள்.

முதல் நாள் யூனிபார்ம் கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. ரெண்டு வருடத்தில் அவள் வளர்ந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முகக்கவசம் ரெண்டு, மாற்றுக்கு ரெண்டு, தண்ணீர், மருந்து, நெஞ்சில் தடவுகிற தைலம் என்று பையில் திணித்தேன். புத்தகத்துக்கு இடம் இல்லை என்று வாசலில் நின்று எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தாள். சாயங்காலம் வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“எப்புடிம்மா இருந்துச்சு?”

“டீச்சர் ஒரு கேள்வி கேட்டாக. எனக்குத் தெரியும். எந்திரிச்சு நின்னேன். சத்தமே வரல அத்தா.” கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். “எனக்கு மட்டுமில்ல. யாருக்குமே வரல. டீச்சரு எங்களப் பாத்துக்கிட்டே நின்னாக. அப்புறம் அவுகளும் உக்காந்துட்டாக.”

வாரங்கள் அப்படித்தான் போயின. திறந்திருந்தது என்று பேர். பாதிப் பாடம் பாதிப் பிள்ளைகளுக்கு ஒருநாள், அதே பாதி மறுபாதிக்கு மறுநாள். ஆசிரியர்களுக்கு ஒரே பேச்சை ரெண்டு தடவை பேசித் தொண்டை கட்டிக்கொண்டது. தொண்டை கட்டினால் கொரோனாவோ என்று பயம். எங்கள் வீட்டில் அவள் தும்மினால் நான் எழுந்து ஜன்னலைத் திறப்பேன், அவள் அம்மா எழுந்து அதைச் சாத்துவாள். எல்லோருக்கும் அலுத்துவிட்டது. பயப்படுவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

பிறகு ஒரு டீச்சருக்குத் தொற்று என்று உறுதியானது. மருந்து அடிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தைச் சில நாள் மூடினார்கள். நான் சொன்னேன்ல என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கியது என் வாழ்நாள் சாதனை. அந்த வாரம் முழுக்க மகள் நண்டு கம்பெனிக்குப் போனாள். மேற்பார்வை அம்மா அவளை மேசைக்குத் தலைமையாகப் போட்டார். டீச்சர் வீட்டில் தேறிவருகிறார், செவ்வாய்க்கிழமை மறுபடி வகுப்பு என்று திங்கட்கிழமை குரல் பதிவு வந்தது. மகள் அதைக் கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பார்க்கிறேன், பழைய சுடிதாரோடு, தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். யூனிபார்ம் கொடியில் தொங்கியது. தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“இன்னைக்கு நாட்டுப்படகு நாளும்மா,” என்றேன்.

“தெரியும்.”

“பள்ளிக்கூடம் தொறந்துட்டாக.”

“போன வாரந்தான் டீச்சருக்கு வந்துச்சு. அவுக எங்க பக்கத்துல நின்னுதான் பாடம் எடுத்தாக.” குனிந்தபடியே சொன்னாள். “அங்க போகச் சொல்றீகளா? நீங்களா?”

ஒரு ஜோக் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூட்டத்தில் எனக்கு வந்த குரலைத் தேடினேன், கிடைக்கவில்லை. மையவாடியில் உறை போட்ட ஆட்கள் வண்டியிலிருந்து இறக்கியதுதான் கண்ணுக்குள் வந்தது. ரெண்டாவது ஹாரன் கேட்டது.

“பயமாத்தான் இருக்கு,” என்றேன். “போம்மா. பள்ளிக்கூடத்துக்குப் போ.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதிலுக்கு நிற்காமல் நான் செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைக்கு நடந்தேன். வேன் டிரைவர் எனக்குத் தெரிந்த பையன்தான். ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, “வரலப்பா, பள்ளிக்கூடம்,” என்றேன்.

“இன்னைக்கு மட்டுமா பாய்? நாளைக்கு வந்து ஹாரன் அடிக்கவா?”

நாளைக்குப் புதன். நாளைக்கு அவள் நண்டுக்குப் போகிற நாள். அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தால் வாசலில் ஆள் இல்லை. வேனுக்குள் இருந்த பெண்கள் தொப்பிக்குக் கீழே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தோழி நகர்ந்து பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

“வேணாம்,” என்று சத்தமாகவே சொன்னேன். “இனிமே இந்த முனையில அவளுக்காக நிக்க வேணாம்.”

வேன் போய்விட்டது. திரும்பி வந்தபோது அவள் யூனிபார்மில் நின்றாள். நான் சொன்னது காதில் விழுந்திருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது.

“அதையும் என்னையக் கேக்காமத்தான் சொன்னீக,” என்றாள்.

“ஆமா.”

“நாளைக்கு நான் என்ன செய்யறது?”

“புஸ்தகத்த எடுத்துப் படி.”

“புரியலன்னா?”

“வியாழக்கிழம போயி டீச்சர்ட்ட கேளு.”

பையைத் தோளில் மாட்டினாள். முகக்கவசத்தைக் காதில் மாட்டிக்கொண்டே, வாசலைத் தாண்டுவதற்கு முன் திரும்பினாள்.

“வியாழக்கிழமை வரைக்கும் தொறந்துருக்குமா அத்தா?”

“தெரியலைம்மா,” என்றேன். “இன்னைக்குத் தொறந்துருக்கு.”

அவள் தெருவில் இறங்கி, வேன் போன திசைக்கு எதிர்த் திசையில் நடந்தாள்.